பாகூர் பஸ்ஸில் ஒரு பிரீஃப்கேஸ்

மடிக்கணினிக்குப் பிரீஃப்கேஸ் வாங்கக் கடைக்குப் போனால் கணினி எத்தனை அங்குலம், என்ன பட்ஜெட், என்ன கலர் என்று மூன்று கேள்வி கேட்பார்கள். எதில் ஏறிப் போவீர்கள் என்று கேட்ட கடைக்காரரை நான் இதுவரை பார்க்கவில்லை. பாகூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை இரு சக்கர வண்டி. அங்கிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 20 கி.மீ. டவுன் பஸ். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பஸ். கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துச் சிறுசேரி. இவ்வளவு தூரமும் அந்தப் பை தோளில், மடியில், காலடியில், சில சமயம் முன்பின் தெரியாத ஒருவர் மடியில் போகிறது. கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்த பிறகு அதற்கு வேலை என்னவோ லிஃப்டிலிருந்து மேசை வரைதான்.

பெட்டி செய்கிறவர் மனத்தில் அதைத் தூக்கப்போகிற ஆள் ஒருவர் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை புழங்கிய பெட்டிகளைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது.

பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா போய்த் திரும்பியவர். பாகூரிலும் வில்லியனூரிலும் சொல்தா வீடு என்றால் இன்றும் வழி சொல்வார்கள். அவர் கொண்டுவந்த இரும்புப் பெட்டியின் மூடியில் பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். இரண்டு பக்கத்திலும் மடங்கும் கைப்பிடி. அதாவது இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி. கப்பலிலும் ரயிலிலும் கூலியாள் இருப்பார், சேர்ந்த இடத்தில் மாட்டு வண்டி நிற்கும் என்று நம்பிச் செய்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்த நாளிலிருந்து, வில்லியனூர் ஸ்டேஷனில் அப்படிப்பட்ட பெட்டிகள் எத்தனையோ இறங்கியிருக்கும். தனியாக ஒருவர் அதைத் தெரு முனைக்குக்கூட நகர்த்த முடியாது. ஆனால் கடல் காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. அம்மாவின் பட்டுப் புடவைகள் இன்றும் அதில்தான் இருக்கின்றன.

அப்பாவுடைய பை நேர் எதிர். அவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். நெல் இருக்கிற ஊரில் பயிர்க்கடன் இருக்கும், கடன் இருந்தால் பேரேடு இருக்கும். அந்தப் பேரேடுகளைக் கறுப்பு ரெக்சின் பையில் போட்டு, சைக்கிள் கேரியரில் வைத்து, பழைய டியூப்பை வெட்டிய ரப்பர் வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டு போவார். ஐப்பசி, கார்த்திகையில் யூரியா மூட்டைக்குள் இருக்கிற பாலித்தீன் உறையைக் கழுவிக் காயவைத்து, பேரேட்டை முதலில் அதற்குள் சுற்றி, பிறகுதான் பைக்குள் வைப்பார். ஏரிக்கரையில் மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க மரத்தடிதான் உண்டு. பேரேடு நனைந்து அவர் திரும்பி வந்ததே இல்லை. தண்ணீரைத் தடுப்பது பையின் வேலை இல்லை, உள்ளே இருக்கிற உறையின் வேலை என்பதை யாரும் சொல்லித்தராமலே அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். இன்றைக்குப் பை விற்கிறவர்கள் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். துணியில் தண்ணீர் இறங்காமல் இருக்கலாம். ஜிப் ஓடுகிற தடத்திலும் ஊசி போன துளையிலும் இறங்கிவிடும்.

நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கை வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளில். அப்போது கையில் பிரீஃப்கேஸ் இருந்தால்தான் உத்தியோகம். வி.ஐ.பி. என்றாலே பெட்டி என்று ஆகிவிட்டிருந்த காலம். என்னுடையது சாம்பல் நிறத்தில், கெட்டிப் பிளாஸ்டிக்கில், இரண்டு பக்கமும் மூன்றிலக்க நம்பர் பூட்டு போட்டது. இரண்டு கட்டை விரலாலும் ஒரே நேரத்தில் தள்ளினால் ‘டக்’கென்று திறக்கும். மடுகரை, திருபுவனை, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என்று சங்கம் சங்கமாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

அந்தப் பெட்டியை நான் நேசித்தேன். நல்ல காரணம் இருந்தது. மேசை இல்லாத சங்கக் கட்டடத்தில் அது மேசை. பிளாட்பாரத்தில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் அதன் மேலேயே உட்காரலாம், நசுங்காது. காகிதம் ஒரு மடிப்பு விழாமல் போய்ச் சேரும். பேனாவுக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் விசிட்டிங் கார்டுக்கும் மூடியின் உள்பக்கத்தில் தனித்தனி அறை. எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கை போகும்.

ஆனால் பஸ் பயணத்துக்கு அதைவிடப் பொருந்தாத பொருள் கிடையாது. அதைத் திறக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்க வைக்க இரண்டு முழங்காலும் வேண்டும், முழங்காலுக்கு உட்கார இடம் வேண்டும். நின்றுகொண்டு போகிறவர் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கவேண்டும் என்றால் நடக்காது. ஒரு கை எப்போதும் கைப்பிடியில் மாட்டிக்கொண்டிருக்கும், மேல்கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். அதன் மூலை பக்கத்தில் நிற்கிறவர் முழங்காலுக்குக் கீழே சரியாக இடிக்கும். மேலே கம்பித் தட்டில் வைத்தால், ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் வழுவழுப்பான அடிப்பாகம் சறுக்கி முன்னால் போகும். கடலூர்ப் பக்கம் போனால் இன்னொன்று. முள்ளோடையில் புதுச்சேரி எல்லை முடிந்ததும் தமிழ்நாட்டுக் காவலர்கள் மதுபாட்டில் சோதனைக்குப் பஸ்ஸில் ஏறுவார்கள். துணிப்பையை வெளியிலிருந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பூட்டிய பெட்டி என்றால் திறந்து காட்டியே ஆகவேண்டும். கூட்டத்தில், நின்ற நிலையில், இரண்டு நம்பர் பூட்டையும் திருப்பி. அந்தப் பெட்டியைச் செய்தவர் மனத்தில் இருந்தது காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போகிற ஆள். கதவைத் திறக்க ஒருவரும் பெட்டியை வாங்கிக்கொள்ள ஒருவரும் அவருக்கு இருப்பார்கள்.

பஸ்ஸில் நம் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. எந்தப் பை நிறுவனத்தின் வரைபடத்திலும் அது இருக்காது. நிற்கிறவர் தன் பையை உட்கார்ந்திருப்பவரிடம் நீட்டுவார். “கொஞ்சம் வச்சிக்கிங்க” என்பதோடு சரி. பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. காலை நேரத்தில் வில்லியனூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், உங்கள் மடியில் இரண்டு பள்ளிக்கூடப் பையும் ஒரு சாப்பாட்டுக் கூடையும் நிச்சயம். அந்தக் காலத்தில் அலுமினியப் பெட்டியோடு வருகிற பிள்ளைகள் உண்டு. அதன் விளிம்பு தொடையில் பதிந்து கோடு விழும். இறங்கும்போது கூட்டத்துக்கு மேலாக, கை மாறிக் கை மாறிப் பை உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். எனக்குத் தெரிந்து இந்த நம்பிக்கை இன்னும் கெடவில்லை. ஆனால் அன்று நீட்டிய பையில் சிலேட்டும் சோறும் இருந்தன. இன்று நீட்டுகிற பையில் ஐம்பதாயிரம் ரூபாய் மடிக்கணினி இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் கம்பெனியுடையது. வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறவருக்கு அது தெரியாது. அதன்மேல் இன்னொரு பையை வைப்பார், முழங்கையை ஊன்றுவார். அதைத் தாங்குகிற மாதிரி பை இருக்கவேண்டும்.

அன்று பெட்டி கெட்டி, உள்ளே இருந்தது காகிதம். இன்று உள்ளே இருப்பது கெட்டி, ஆனால் உடையக்கூடியது. 1981-இல் வந்த ஆஸ்போர்ன் கணினிக்குப் பையே வேண்டியிருக்கவில்லை. அதுவே கைப்பிடி வைத்த ஒரு பெட்டி, எடை 11 கிலோ. இப்போது ஒன்றரைக் கிலோவுக்கு உள்ளேயே நல்ல கணினி கிடைக்கிறது. உள்ளே சுழல்கிற ஹார்ட் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்ததால், எங்கள் ஊர் வேகத்தடைகளில் வண்டி தூக்கிப் போடும்போது தகவல் போய்விடுமோ என்ற பயமும் குறைந்தது. மிச்சமிருக்கிற ஆபத்து இரண்டு. ஒன்று திரை அழுந்தி உடைவது. மற்றது பையைத் ‘தொப்’பென்று கீழே வைக்கும்போது கணினியின் மூலை தரையில் மோதுவது.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. புதுச்சேரியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு மடிக்கணினி வந்தது. வயலில் நாற்று நடப் போகிறவர் மகள் கணினிப் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற காட்சியை அதற்கு முன்பு எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பாகூர்ச் செப்பேடு சொல்கிறபடி, 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்தார்கள். படிப்புக்கென்று ஊரையே எழுதிவைத்த மண்ணில் ஒரு பிள்ளை கணினியோடு நின்றபடி பயணம் செய்கிறாள் என்றால், அந்தக் கணினி பத்திரமாகப் போய்ச் சேர்வது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

என் மகளும் அப்படித்தான் போகிறாள். சில நாள் வீட்டிலிருந்து வேலை, சில நாள் சிறுசேரி. முதுகுப்பைதான் வைத்திருந்தாள். தூக்க எளிது, இரண்டு கையும் சும்மா இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டமான பஸ்ஸில் அதைக் கழற்றி முன்னால் மாட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போதெல்லாம் நாலு பேர் முகத்தில் இடிக்கும். சித்திரை, வைகாசியில் முதுகு முழுதும் வேர்வை, அந்த ஈரம் கணினி இருக்கிற அறைக்குத்தான் முதலில் போகும். மீட்டிங்குக்குப் போகும்போது ஒழுங்கான பை வேண்டும் என்று சொல்லி, தோல் போல இருந்த ஒரு பிரீஃப்கேஸை வாங்கி வந்தாள். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாவது மழைக்காலத்தில் கைப்பிடிக்குக் கீழே உரியத் தொடங்கியது. அடுத்த கோடைக்குள் அவளுடைய வெள்ளைச் சுடிதாரில் எரிந்த காகிதத் துகள் மாதிரி கறுப்புச் செதில்.

அது தோல் இல்லை, பி.யூ. துணிமேல் பூசிய பாலியூரித்தேன் படலம். காற்றில் இருக்கிற ஈரம் அந்தப் படலத்தின் கட்டமைப்பையே மெல்ல மெல்ல அறுக்கும். வெயிலும் ஈரமும் சேர்ந்த கடற்கரை ஊரில் இது சீக்கிரம் நடக்கும், பையை எடுக்காமல் பீரோவில் வைத்திருந்தாலும் நடக்கும். அப்பாவுடைய பழைய ரெக்சின் விறைத்து வெடிப்பு விட்டது, செதிலாகக் கொட்டியதில்லை. புதுச்சேரியில் இருப்பவர்கள் பி.யூ. பையில் காசைப் போடாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அப்படியானால் நிஜத் தோலா? இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமை இருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுகிற முறை தமிழ்நாட்டுக்கே உரியது. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று உலகச் சந்தையில் பேர் வாங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த முறையைச் செம்மைப்படுத்தி மெட்ராஸில் பரப்பியவர் புதுச்சேரிக்காரரான சார்லஸ் டி சூசா என்று தோல் தொழில் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். பிறகு 1978-இல் திலீப் கபூர் புதுச்சேரியில் இரண்டே ஆள் வேலை பார்க்கும் பட்டறையாக ஹைடிசைனைத் தொடங்கினார். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், பித்தளைக் கொக்கிகள், வெளியே தெரியும்படி போட்ட தையல் என்று அவர்கள் செய்த பிரீஃப்கேஸ் லண்டன் கடைகளுக்குப் போனது. புதுச்சேரியில் தைத்த பை அங்கே பேர் வாங்குகிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிற சேதி.

என் சித்தி மகள் வில்லியனூர்ப் பக்கம் ஒரு தோல் பைத் தொழிற்சாலையில் பல வருஷம் தையல் வேலை பார்த்தவள். மகளுக்குப் புதுப் பை பார்க்க அவளைத்தான் கூட்டிப்போனோம். கடையில் எல்லாரும் பையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் எடுத்த எடுப்பில் கவிழ்த்தாள்.

“அண்ணா, முன்பக்கத்தை எவனும் ஒழுங்காதான் தைப்பான். அடியைப் பாருங்க.”

அடியில் நாலு குமிழ் இருக்கிறதா என்று பார்த்தாள், ஈரத் தரையில் வைத்தாலும் தோல் படாமல் நிற்பதற்கு. பிறகு கைப்பிடி பையோடு சேருகிற இடத்தைக் கட்டை விரலால் மடக்கினாள். வெறும் தையல் மட்டும் இருந்ததைத் தள்ளி வைத்தாள். தையலோடு ரிவிட்டும் உள்பக்கம் ஒரு பட்டையும் இருந்ததை எடுத்தாள். லைனிங்கைப் பிடித்து வெளியே இழுத்தாள். கணினி அறைக்குள் கையை விட்டு, அதன் அடி பையின் அடியைத் தொடுகிறதா என்று தடவினாள். தொடக்கூடாது. இரண்டு விரல் உயரத்தில் தொங்க வேண்டும். அப்போதுதான் பையைக் கீழே வைக்கும்போது கணினிக்கு அடி படாது. விலை உயர்ந்த பைகள் பலவற்றில் இது இல்லை, வெறும் நுரைத்தகடுதான். கடைசியாக ஜிப்பை மூலையில் மட்டும் முன்னும் பின்னும் ஓட்டினாள். “நேரா எல்லா ரன்னரும் ஓடும். வளைவுலதான் பல்லு விடும்.”

தோல் பை ஒன்றைத் தராசில் வைக்கச் சொன்னேன். காலிப்பையே ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது. கணினியைவிடப் பை கனம். சார்ஜரும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்தால் நாலு கிலோவுக்கு மேல், அதுவும் ஒரே தோளில். உள்நாட்டு விமானத்தில் கைச்சாமான் பெரும்பாலும் 7 கிலோதான். அங்கேயும் இந்தக் கனம் உதைக்கும். மகள் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, இது கார்ல வர்றவங்களுக்கு. நான் கோவளம் வரைக்கும் நின்னுகிட்டு போவணும்.”

சித்தி மகளுக்கு வருத்தம்தான், அவள் கை பழகிய பொருள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். மரப்பட்டையில் பதனிட்ட தோல் மழைத்துளி பட்டால் கறை ஏறும். எங்கள் ஊர் கார்த்திகையில் பீரோவுக்குள்ளேயே பூசணம் பிடிக்கும், துடைத்து நிழலில் உலர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை உள்ளவருக்கு அது இருபது வருஷப் பை. தினம் பஸ் ஏறுகிறவருக்கு இல்லை.

எங்கள் ஊர் மழை அப்படி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகப் பாகூர்க் கொம்யூன் ஊர்களுக்குள் வந்தது. மகள் கணினியைப் பாலித்தீன் உறையில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கவில்லை. அவள் தாத்தாவுடைய யூரியா உறையை அவள் பார்த்ததே கிடையாது.

கடைசியில் வாங்கியது அடர்ந்த நைலான் துணியில் தைத்த, மேலே ஜிப் திறக்கிற, மெல்லிய பிரீஃப்கேஸ். காலியாக முக்கால் கிலோவுக்கும் கீழே. நின்றபடி திறக்கலாம். மூலைகள் மழுங்கலாக இருப்பதால் யார் காலிலும் குத்தாது. மார்புக்குக் குறுக்கே மாட்டுகிற அகலப் பட்டை இருப்பதால் வண்டியிலும் பஸ்ஸிலும் இரண்டு கையும் சும்மா இருக்கும். அலுவலக வாசலில் பட்டையைக் கழற்றி உள்ளே போட்டுக் கைப்பிடியில் பிடித்துக்கொள்கிறாள். உள்ளே திரை இருக்கிற பக்கம் விறைப்பான தகடு ஒன்று இருக்கிறது. யார் மடியில் கொடுத்தாலும், யார் முழங்கை ஊன்றினாலும் திரைக்கு ஒன்றும் ஆகாது. முழுப் பையின் அகலம் ஒன்றரை அடிக்குள் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக அளந்து வாங்கினேன். மூன்று பேர் சீட்டில் ஒருவருக்குக் கிடைக்கிற இடம் அவ்வளவுகூட வராது.

இதிலும் குறை உண்டு. மழைக்கு உறை தரவில்லை. தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே இடமில்லை, கணினி இருக்கிற பையிலேயே பாட்டிலையும் வைக்கச் சொல்வது பெரிய அநியாயம். புதுச்சேரியிலேயே பை செய்கிற இத்தனை கை இருக்கிறது. மழை உறையை அடியிலேயே மடித்துத் தைத்து, பாட்டிலை வெளியே மாட்டி, வெளிச்சம் குறைந்த பஸ்ஸிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உள்ளே வெளிர் நிற லைனிங் போட்டு, நின்று போகிறவருக்கென்று ஒரு பை செய்யுங்கள் என்று இங்குள்ள பை உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாங்குவதற்கு வில்லியனூரிலும் பாகூரிலும் ஆள் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியின் அங்குலக் கணக்கை நம்பாதீர்கள், அது திரையின் குறுக்களவு. 15.6 அங்குலக் கணினியின் உடல் சுமார் 36 செ.மீ. அகலம், 14 அங்குலத்துக்குச் சுமார் 32. உங்கள் கணினியையும் சார்ஜரையும் சாப்பாட்டு டப்பாவையும் கடைக்கே எடுத்துப்போங்கள். எல்லாவற்றையும் பைக்குள் வைத்து, தோளில் மாட்டிப் பத்து நிமிஷம் நில்லுங்கள், பிறகு மடியில் வைத்துப் பத்து நிமிஷம் உட்காருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.